மரத்துப்போவது தோல் மட்டும்தானா?

மூன்றாம் ஆண்டு மாணவி, எலக்ட்ரானிக்ஸ் பிரிவு, நூம்பல்



எங்கள் ஆயாவின் முன்கையில் ஒரு தேள் இருக்கிறது. பச்சை குத்திய தேள். குத்தும்போது ஆயாவுக்குப் பன்னிரண்டு வயசாம். "வலிக்கலையா ஆயா?" என்று கேட்டால் சிரிக்கும். "வலிக்காம இருக்குமா? குத்துற பொம்பளை பாட்டு பாடிக்கிட்டே குத்துவா. நாம பாட்டைக் கேட்டுக்கிட்டே வலியை மறந்துடணும்" என்று சொல்லும்.

அந்தக் காலத்தில் பாட்டுதான் மரத்துப்போகும் மருந்து! இன்றைக்கு அந்த இடத்துக்கு ஒரு ட்யூப் வந்துவிட்டது. டாட்டூ போடவும், போட்ட டாட்டூவை அழிக்கவும், மரு எடுக்கவும், லேசரில் முடி எடுக்கவும், குழந்தைக்குக் காது குத்தவும் முன்னால் ஒரு க்ரீம் தடவுகிறார்கள். தடவினால் அந்த இடம் மரத்துப்போகும், வலி தெரியாது. மேலே தடவுவதுதானே, விழுங்கவா போகிறோம், என்ன ஆகிவிடும் என்று நாமும் இருந்துவிடுகிறோம். போன வருடம் வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

அண்ணனுக்கு நடந்தது

என் பெரியம்மா மகன் எனக்கு அண்ணன். பத்தாவது பாஸ். ராணுவத்தில் சேர வேண்டும் என்பது அவர் கனவு. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து பைபாஸ் ஓரமாக ஓடுவார். ஓட்டத்தில் குறை இல்லை, உயரத்திலும் குறை இல்லை. குறை எல்லாம் கையில் இருந்தது. பதினேழு வயதில் ஆசைப்பட்டு, தோளிலிருந்து முழங்கை வரை இறக்கை போட்ட மாதிரி ஒரு டாட்டூ குத்திக்கொண்டார்.

நம் ராணுவ ஆள்சேர்ப்பில் டாட்டூவுக்கு விதி உண்டு. முழங்கையின் உட்பக்கத்திலிருந்து மணிக்கட்டு வரை முன்கையின் உட்புறத்திலும், உள்ளங்கைக்குப் பின்புறத்திலும் மட்டும்தான் நிரந்தர டாட்டூ இருக்கலாம். பழங்குடியினருக்குத் தனிச் சலுகை உண்டு. அண்ணன் குத்தியிருந்ததோ மேல்கையில்! "இதை அழிச்சிட்டு வாப்பா" என்று தெரிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

டாக்டரிடம் போனால் செலவு ஆகும் என்று அண்ணன் ஒரு கடைக்குப் போனார். "ஒரே தடவையில அழிச்சுடலாம்" என்றார்கள். (இது முதல் பொய். லேசரால் மையை அழிக்கப் பல தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் சில வார இடைவெளி விட்டுப் போக வேண்டும்.) பிறகு ஒரு வெள்ளை டப்பாவைக் கொடுத்து, "வீட்டுலயே தடவிக்கிட்டு பிளாஸ்டிக் பேப்பரை நல்லா சுத்திக்கிட்டு வாங்க. நிறைய தடவினாத்தான் நல்லா மரத்துப்போகும்" என்றார்களாம்.

அண்ணன் ரேசரால் கையை மழித்தார். இரண்டு மூன்று இடத்தில் தோல் சிராய்த்துவிட்டது. அதன் மேலேயே டப்பாவைக் காலி செய்து, சுற்றிலும் தடவி, பிளாஸ்டிக்கைச் சுற்றி, மேலே முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். வேலப்பன்சாவடி ஸ்டாப்பிங்கில் வெயிலில் பஸ்ஸுக்கு நின்றது வேறு. தடவி மூன்று மணி நேரம் இருக்கும். உதடு மதமதவென்று ஆனது. வாயில் இரும்பு ருசி. காதில் 'கொய்ங்' என்று சத்தம். பேச்சு குழறியது. பக்கத்தில் நின்றவர்கள் உட்கார வைத்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத்தான் எங்களுக்குப் போன் செய்தார்கள்.

நாங்கள் ஓடிப்போய் நின்றபோது டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "க்ரீம்ல என்ன மருந்து? எத்தனை பர்சன்ட்?"

பெரியம்மா டப்பாவை என் கையில் திணித்தார்கள். "நீதானம்மா படிக்கிற பொண்ணு, படிச்சுச் சொல்லு."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஹெல்ப்பர். ரேஷன் கடைச் சீட்டு, கரண்ட் பில், மாத்திரை அட்டை எதுவாக இருந்தாலும் என்னிடம்தான் வரும். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பூப் படம் போட்ட ஸ்டிக்கர் மட்டும் இருந்தது. மருந்தின் பெயர் இல்லை, அளவு இல்லை, தயாரித்தவர் இல்லை, தேதி இல்லை. படிக்கத் தெரிந்தும் படிக்க ஒன்றும் இல்லாமல் நின்றேன். அன்றைக்கு வந்த அழுகை இன்னும் மறக்கவில்லை.

பிளாஸ்டிக்கைப் பிரித்துக் கையைக் கழுவினார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டி ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ராத்திரி முழுக்க யாரும் தூங்கவில்லை. காலையில் அண்ணன், "பசிக்குது, இட்லி வாங்கிட்டு வா" என்றபோதுதான் எங்களுக்கு மூச்சே வந்தது. அந்த டாக்டர் கிளம்பும்போது என்னிடம் சொன்னது: "அளவு தெரியாத மருந்து வயித்துக்குள்ள போனாலும் தோல் மேல இருந்தாலும் பயம் ஒண்ணுதாம்மா."

அதற்குப் பிறகு டாக்டரிடமும் மருந்துக் கடைக்காரரிடமும் கேட்டும், புத்தகத்தில் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒயர் ஒன்று, சிக்னல் ஒன்று

நம் பிரிவுக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தோலில் வலியை உணரும் நுனிகளை சென்சார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளைதான் ரிசீவர். நடுவில் ஓடும் ஒயர் நரம்பு. நரம்பின் சுவரில் சின்னச் சின்ன கேட்டுகள் இருக்கின்றன. அந்த கேட் திறந்து சோடியம் அயனி உள்ளே பாயும்போதுதான் சிக்னல் நகர்கிறது. மரத்துப்போகும் மருந்து அந்த சோடியம் கேட்டை அடைத்துவிடும். சென்சாரும் ரிசீவரும் நன்றாகத்தான் இருக்கும், லைன் மட்டும் கட். மருந்து விலகியதும் லைன் திரும்ப வந்துவிடும்.

ஆனால் இதே மாதிரி கேட்டுகள் மூளையிலும் இருக்கின்றன, இதயத்திலும் இருக்கின்றன! இதயம் துடிப்பதே இப்படி ஒரு சிக்னலால்தான். மருந்து அதிகமாக ரத்தத்தில் கலந்துவிட்டால் அங்கேயும் போய் அடைக்கும். முதலில் உதடு மரத்தல், காதில் இரைச்சல், தலைசுற்றல். அதையும் தாண்டினால் வலிப்பு. அதற்கும் மேலே போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், மூச்சு நிற்கும். அண்ணன் முதல் படியிலேயே தப்பித்துக்கொண்டார்.

சாலிடரும் க்ரீமும்

1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற டாக்டர், கோகெயின் கரைசலைக் கண்ணில் விட்டு வலியில்லாமல் ஆபரேஷன் செய்ய முடியும் என்று காட்டினார். ஆனால் கோகெயின் ஆளை அடிமையாக்கும் பொருள். 1943-ல் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் நில்ஸ் லோஃப்கிரென் லிடோகெயினைத் தயாரித்தார். 1948-ல் அது சைலோகெயின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பல் பிடுங்கும்போது ஈறில் போடும் ஊசியில் வருவது பெரும்பாலும் இந்த மருந்துதான். நம் நாட்டில் இதையே லிக்னோகெயின் என்றும் எழுதுவார்கள். பெயர்தான் இரண்டு, மருந்து ஒன்று. ஆகவே ஒரு ட்யூபில் லிடோகெயின், இன்னொரு ட்யூபில் லிக்னோகெயின் என்று போட்டிருந்தால் 'வேற வேற மருந்து' என்று நினைத்து இரண்டையும் தடவிவிடக் கூடாது.

ஊசியில் போட்டால் வேலை செய்யும் இந்த மருந்தை, நல்ல தோலின் மேல் தடவி உள்ளே அனுப்புவது பெரிய சிக்கலாக இருந்தது. மேல்தோலின் கடைசி அடுக்கு, செத்த செல்களால் ஆன ஒரு காம்பவுண்ட் சுவர். கட்டியாக இருக்கும் மருந்து அதைத் தாண்டாது. இதற்கு விடை நம் லேபில் தினமும் கையில் பிடிக்கும் சாலிடரில் இருக்கிறது!

வெள்ளீயம் உருக 232 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈயம் உருக 327 டிகிரி. ஆனால் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் சேர்ந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும். தனித்தனியாக இருப்பதைவிடச் சேர்ந்தால் சீக்கிரம் உருகும் இந்தக் கலவைக்குத்தான் யூடெக்டிக் என்று பெயர். மருந்திலும் இதையே செய்தார்கள். லிடோகெயின் உருகுவது சுமார் 68 டிகிரியில். அதன் தம்பி பிரிலோகெயின் உருகுவது சுமார் 38 டிகிரியில். இரண்டையும் சம அளவு கலந்தால் 18 டிகிரிக்கு மேலே எண்ணெயாகிவிடுகிறது. சென்னையில் மார்கழி விடியலில்கூட 18 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். எண்ணெயாக இருப்பதால் அது சுவருக்குள் மெல்ல ஊறிப் போகும். லிடோகெயின் 2.5 சதவீதம், பிரிலோகெயின் 2.5 சதவீதம் என்று போட்டு வரும் ட்யூப் இதுதான்.

ஒரு மணி நேரம் வைத்தால் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழம் வரை மரக்கும். இரண்டு மணி நேரம் வைத்தால் சுமார் 5 மில்லிமீட்டர். அவ்வளவுதான். நிறைய அப்பினால் அதைவிட ஆழம் போகாது, உடம்புக்குள் போகும் மருந்துதான் கூடும்.

நான்கு கேள்விகள்

தோலைத் தாண்டும் மருந்து அங்கேயே நிற்பதில்லை. கீழே ரத்தக் குழாய் இருக்கிறது, அது எடுத்துக்கொண்டு போய்விடும். எவ்வளவு போகும் என்பது நான்கு விஷயங்களைப் பொறுத்தது.

முதலாவது, எத்தனை சதவீதம்? 1 சதவீதம் என்றால் ஒரு கிராம் க்ரீமில் 10 மில்லிகிராம் மருந்து.

இரண்டாவது, எவ்வளவு இடம்? பெரியவர்களுக்குச் சின்ன வேலைக்கு 20 முதல் 25 சதுர சென்டிமீட்டர் இடத்தில் 2.5 கிராம், அதாவது 5 கிராம் ட்யூபில் பாதி தடவுவது வழக்கம். இடம் 5-க்கு 5 சென்டிமீட்டர், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு.

மூன்றாவது, எவ்வளவு நேரம்?

நான்காவது, எந்த மாதிரித் தோல்? சிராய்ப்பு, புண், தீக்காயம், கரப்பான் உள்ள தோலில் அந்தக் காம்பவுண்ட் சுவர் இடிந்து கிடக்கிறது. மருந்து சரசரவென்று உள்ளே போகும். சூடும் பிளாஸ்டிக் சுற்றும் சுவரை இன்னும் இளக்கிவிடும்.

இப்போது அண்ணன் கணக்கைப் போடுவோம். டேப் வைத்து அளந்தேன். மேல்கை நீளம் 25 சென்டிமீட்டர், சுற்றளவு 28. ஆக 700 சதுர சென்டிமீட்டர். வழக்கமான இடத்தைப் போல 28 மடங்கு! டப்பா 50 கிராம் பிடிக்கும். அதில் 10 சதவீத மருந்து இருந்திருந்தால் 5,000 மில்லிகிராம். ட்யூபில் பாதி என்று சொன்னேனே, அதில் இரண்டு மருந்தும் சேர்த்தே 125 மில்லிகிராம்தான். 40 மடங்கு! தடவியது எல்லாம் ரத்தத்துக்குப் போகாது, கொஞ்சம்தான் போகும். ஆனால் 40 மடங்கில் 'கொஞ்சம்' என்பது கொஞ்சமா?

இரண்டு மாணவிகள் வயசு

இது நம் ஊரில் மட்டும் நடப்பது என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 22 வயதில் ஒரு பெண், 25 வயதில் ஒரு பெண், இருவரும் லேசரில் முடி எடுப்பதற்காகக் காலில் மரத்துப்போகும் க்ரீமைத் தடவி, சொன்னபடியே பிளாஸ்டிக்கைச் சுற்றிக்கொண்டார்கள். க்ரீமில் லிடோகெயினும் டெட்ராகெயினும் அதிக அளவில் இருந்தன. இருவருக்கும் வலிப்பு வந்தது, நினைவு போனது, பிழைக்கவில்லை. 22 வயதுப் பெண் கல்லூரி மாணவி. நம் சீனியர் அக்கா வயசு! 2007 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதைச் சொல்லி மக்களை எச்சரித்தது. 2024 மார்ச்சில் மறுபடியும் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கும் க்ரீமில் 4 சதவீதத்துக்கு மேல் லிடோகெயின் இருந்தால் பயன்படுத்த வேண்டாம், பெரிய இடத்தில் அப்ப வேண்டாம், புண் மேல் தடவ வேண்டாம், பிளாஸ்டிக் சுற்ற வேண்டாம் என்று மக்களுக்குச் சொன்னது.

"ஆனா ஆஸ்பத்திரியிலயே மேல ஒட்டு போட்டு மூடுறாங்களே?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஊசி போடும் முன் தீப்பெட்டி அளவு இடத்தில், அளந்து தடவி, நேரம் குறித்து மூடுவது முறை. டாக்டர் சொல்லாமல் கை முழுக்க, கால் முழுக்க நாமே சுற்றிக்கொள்வதுதான் ஆபத்து.

செய்ய வேண்டியது

1. டாக்டர் சொன்னால் தடவுங்கள். எவ்வளவு, எங்கே, எத்தனை மணிக்கு என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

2. மருந்தின் பெயர், சதவீதம், தயாரித்தவர், காலாவதி தேதி நான்கும் அச்சிட்ட, சீல் பிரிக்காத ட்யூபை மட்டும் வாங்குங்கள். டப்பாவில் பிரித்துத் தருவது வேண்டாம்.

3. நல்ல தோலில் மட்டும் தடவுங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் கூடாது, பட்டால் கருவிழி கெடும். காதுக்குள்ளே, வாய்க்குள்ளே, புண் மேலே கூடாது. தடவியதும் கையைக் கழுவுங்கள்.

4. தடவிய நேரத்தை எழுதி வையுங்கள். சொன்ன நேரத்தில் துடைத்துவிடுங்கள். டாக்டர் வர லேட்டானாலும் மறுபடி தடவாதீர்கள். துடைத்த பிறகும் ஒன்று இரண்டு மணி நேரம் மரத்தே இருக்கும்.

5. மரத்த இடத்தில் சூடும் தெரியாது, கீறலும் தெரியாது. உணர்ச்சி வரும்வரை சொறிய வேண்டாம், அடுப்பு, அயர்ன் பாக்ஸ் பக்கம் வேண்டாம்.

6. தோல் வெளுப்பதும், கொஞ்சம் சிவப்பதும் சகஜம். தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் சகஜம் இல்லை.

7. இதய நோய், கல்லீரல் நோய், வலிப்பு, பல் ஆஸ்பத்திரி ஊசியில் அலர்ஜி இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

குழந்தைக்குக் காது குத்தும்போது

திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவது நம் பக்கத்து வழக்கம். குழந்தை அழக் கூடாது என்று இப்போது க்ரீம் கேட்கிறார்கள். ஆசை நியாயம்தான். ஆனால் பிரிலோகெயினுக்கு இன்னொரு குணம் உண்டு. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபினாக மாற்றிவிடும். பெரியவர்கள் உடம்பில் அதைத் திருப்பிச் சரிசெய்யும் நொதி போதுமான அளவு இருக்கிறது. கைக்குழந்தைக்கு அது குறைவு. அளவு மீறினால் உதடும் நகமும் நீலம் பாயும், ரத்தம் சாக்லேட் நிறமாகும்.

அதனால்தான் மூன்று மாதத்துக்குள்ளான குழந்தைக்கு மொத்தமே 1 கிராம், 10 சதுர சென்டிமீட்டர், ஒரு மணி நேரம் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு வயதுக்குள் 2 கிராம்தான். அதுவும் குழந்தை டாக்டர் பார்த்துச் சொன்னால் மட்டும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்கள், சல்ஃபா மருந்தோ டாப்சோனோ சாப்பிடுகிறவர்கள் எந்த வயதானாலும் முதலில் கேட்க வேண்டும். இந்த நீலத்துக்கு ஆஸ்பத்திரியில் தரும் மாற்று மருந்து என்ன தெரியுமா? மெத்திலீன் நீலம்! பள்ளிக்கூட லேபில் மைக்ராஸ்கோப் ஸ்லைடுக்கு விடுவோமே, அதே சாயம். நீலத்துக்கு நீலமே மருந்து! (ஜி6பிடி குறைபாடு இருந்தால் அதுவும் ஆகாது. ஆகவே டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.)

ஆபத்து வந்தால்

உதடு, நாக்கு மரத்தல், வாயில் இரும்பு ருசி, காதில் இரைச்சல், தலைசுற்றல், பேச்சுக் குழறல், உதறல், நகம் நீலமாதல், படபடப்பு. இதில் ஒன்று வந்தாலும் உடனே க்ரீமைத் துடைத்துக் கழுவுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். ஆளைத் தனியாக விடாதீர்கள், வண்டி ஓட்ட விடாதீர்கள். வலிப்பு வந்தால் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். க்ரீம் டப்பாவை மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டரின் முதல் கேள்விக்கு அதுதான் பதில்.

முடிவாக

போன செமஸ்டர் பிராக்டிகலில் என் தோழிக்கு சாலிடரிங் அயர்ன் விரலில் பட்டுவிட்டது. "உங்க வீட்டுல மரத்துப்போற க்ரீம் இருக்குன்னு சொன்னியே, கொஞ்சம் கொண்டு வாடி" என்றாள். "தீக்காயத்துக்கு அது கூடாதுடி" என்று இழுத்துக்கொண்டு போய்க் குழாயில் இருபது நிமிடம் கையைப் பிடித்தேன். திட்டிக்கொண்டேதான் நின்றாள். மறுநாள் கொப்புளம் பெரிசாக இல்லை. அன்றைக்குத்தான் அண்ணனுக்காக அழுத அழுகைக்கு ஒரு பலன் கிடைத்தது.

அண்ணன் இப்போது ஒரு தோல் டாக்டரிடம் முறையாகக் காட்டுகிறார். நான்கு தடவை லேசர் ஆகிவிட்டது, இறக்கை மங்கிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு தடவையும் ட்யூபை வாங்கியதும் முதலில் என்னிடம்தான் நீட்டுவார். "படிம்மா" என்பார். பெயர், சதவீதம், தேதி என்று சத்தமாகப் படிப்பேன். பெரியம்மா, அம்மா, ஆயா எல்லாரும் நின்று கேட்பார்கள்.

நம்மில் பலர் வீட்டில் நாம்தான் முதலில் படிக்க வந்தவர்கள். ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துச் சொல்ல அங்கே வேறு ஆள் இல்லை. ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டுக்கு ஒரு ட்யூப் வந்தால் தடவுவதற்கு முன்னால் அதை வாங்கி ஒரு தடவை சத்தமாகப் படியுங்கள். படிக்க ஒன்றும் எழுதியிராத டப்பா வந்தால், தயங்காமல் குப்பையில் போடுங்கள்!